சிவப்புத் துணி கட்டிய மரம்

கோலா தெர்லா ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து ஓடையருகே வேனை நிறுத்துகிறேன். தூறல் விடவில்லை. இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆராய்ச்சியை நடத்துபவர் டாக்டர் கமலா. நான் அவருக்கு வேன் ஓட்டுகிறேன். களைமருந்து அடிக்கும் இடங்களில் தவளைகள் குறைகின்றனவா என்று ஆறு மாதமாக எண்ணிவருகிறார். இங்கே மட்டும் குறையவே இல்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

எண்ணும் இடம் மூடுபனியிலும் தெரியட்டும் என்று முதல் நாளே மரத்தில் சிவப்புத் துணி கட்டியது நான்தான். இன்று அந்த மரத்தடியில் எலுமிச்சம்பழமும் கற்பூரக் கரியும் இருக்கின்றன.

முதுகில் மருந்துத் தொட்டியோடு ராஜம்மா என்ற தோட்டத்துப் பெண் வருகிறார்.

"சப்பாத்த கழட்டுங்க லா. முனியாண்டி இருக்காரு."

"இங்க மருந்து அடிக்கிறதில்லையா அக்கா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"சாமி மேல வெஷத்த அடிப்பாங்களா? துணி கட்டுன நாள்லேருந்து ஒரு சொட்டு விழல. கங்காணி சத்தம் போட்டாரு. நீங்களே அடிங்கன்னு தொட்டிய நீட்டினேன். ஆளக் காணோம்!"

டாக்டர் சிரித்துவிடுகிறார். பிறகு நோட்டைத் திறந்து, இந்த ஓடையின் ஆறு மாத எண்ணிக்கையைக் கோடு போட்டு அடிக்கிறார். எனக்கு முகம் சுடுகிறது. துணியை அவிழ்க்கக் கை நீட்டுகிறேன்.

"துணி இருக்கட்டும் அண்ணே. வேற ஓடை பார்ப்போம். இந்தத் தவளைங்களாவது பொழைக்கட்டும்" என்று சொல்லி டாக்டர் குனிந்து, தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிறார்.