வாசப்படி வச்ச பெட்டி வூடு

எங்க வூடு லாரியில வந்துச்சு. இதச் சொன்னா சிங்காரப்பேட்டையில கட்டிக் குடுத்த எம் பொண்ணு போன்லயே சிரிக்கிறா. வூடு லாரியில வருமாம்மா, அது என்னா மாங்கா லோடாங்கிறா. நெசமாத்தான்டி சொல்றேன்னேன். கம்பெனியிலயே சொவுரு, கூரை, ஜன்னலு, கக்கூசு எல்லாம் வச்சுப் பெட்டியாப் பண்ணிக் கொண்டாந்தாங்க. ராயக்கோட்ட மண்டியில தக்காளிப் பெட்டிய அடுக்குவாங்க பாரு, அந்த மாதிரி கிரேன்ல தூக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டாங்க. வாயில இருந்த வெத்தல கீழ வுழுந்தது கூடத் தெரியாம நின்னேன்.

அதுக்கு முன்ன பக்கத்து லைன் வூட்ல இருந்தோம். ஓசூருக்குக் கம்பெனி வேலைன்னு வந்தவங்க முக்காவாசிப் பேரு அப்பிடித்தான். வரிசையா ரூம்பு, கடேசில எல்லாருக்கும் பொதுவா கக்கூசு. எம் மவன் வண்டிக்கு பார்ட்ஸ் பண்ற கம்பெனியில ஷிப்டு. மருமவ தையல் கம்பெனி. எங்க வூட்டுக்காரரு நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்புல காய் பறிக்கப் போயி மரத்துலேர்ந்து வுழுந்தவரு. இடுப்புக்குக் கீழ அவருக்கு ஒண்ணும் வெளங்காது. வீல்சேரு இருக்கு. இருந்து என்னா பண்றது, லைன் வூட்டு வாசல்ல படி. மவன் ஷிப்டு முடிஞ்சு வந்து தூக்குனாத்தான் வெளிய. அவருக்கு இருந்த ஒரே ஆச, யார் கையும் இல்லாம தானே உருட்டிக்கிட்டுத் தெருமுக்கு டீக்கடைக்குப் போவணும்.

எடத்துக்காரரும் ஒரு வூடு கட்டுற கம்பெனியும் பேசி, இங்க பெட்டி வூடு வச்சுப் பாக்கலாம், லைன்ல இருக்கிறவங்களே குடி வரட்டும்னு முடிவு பண்ணாங்க. அதுக்குப் படம் போடுற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. மதுரப் பக்கம். என்னய 'அப்பத்தா'ன்னு கூப்புடும். எங்கூர்ல அப்பிடி யாரும் கூப்புட மாட்டாங்க, அது கூப்புட்டா எனக்குச் சிரிப்பு வந்துடும். மவராசி, சுண்ணாம்புத் தூளு வாங்கியாந்து வெறுந்தரையில கோடு போட்டு, இதுதான் வூடு, உங்க சாமான எல்லாம் கொண்டாந்து வச்சுப் பாருங்கன்னுச்சு. லைனே கட்டிலு, கேஸ் அடுப்பு, டிவின்னு தூக்கிக்கிட்டு ஓடுது. தெலுங்குக்காரம்மா ஒருத்தி கோட்டத் தாண்டாம சுத்திக்கிட்டுப் போயி வாசல் வழியாத்தான் உள்ள போவா. ஏன்டி, வெறுங்கோடுதான, தாண்டிப் போனாத்தான் என்னான்னு கேட்டா, சொவுத்துக்குள்ள பூந்து போவியாங்கிறா.

எங்க வூட்டுக்காரர மவன் தூக்கிக் கொண்டாந்து வீல்சேர்ல வச்சான். அந்தக் கோட்டு வாசல் வழியா உருட்டிக்கிட்டு உள்ள போறாரு, வெளிய வர்றாரு, மறுபடி உள்ள போறாரு. சின்னப் புள்ள மாதிரி. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, தாத்தாவுக்காவத்தான் நிலையில அடிக்கட்ட இல்லாம மட்டமா வுட்டுருக்கேன்னு.

அங்கதான் வந்துச்சு வென. கூட்டம் போட்டப்ப மாதிரிக்கு ஒரு நிலையக் கொண்டாந்து நிறுத்துனாங்க. பொம்பளைங்க எல்லாம் கீழ பாத்தாங்க. வாசப்படி எங்கன்னு ஒரே சத்தம். கன்னடத்துக்காரம்மா ஹொஸ்திலுங்கிறா, தெலுங்குக்காரம்மா கடபங்கிறா, நாங்க வாசப்படிங்கிறோம். மூணும் ஒண்ணுதான், இல்லன்னா மூணு பேருக்கும் ஆவாது. வெள்ளிக்கெழம எங்க மஞ்சப் பூசறது, எங்க பொட்டு வைக்கிறது, லச்சுமி எதத் தாண்டி உள்ள வருவா. பொறந்த கொழந்தையக் கூட அதத் தாண்டித்தான கொண்டாருவோம்.

அந்தப் பொண்ணு என்னயத்தான் பாத்துச்சு. "அச்சு ஒண்ணுதான் அப்பத்தா. வச்சா எல்லா வூட்டுக்கும் வைக்கணும், வுட்டா எல்லாத்துக்கும் வுடணும். நீங்க சொல்லுங்க."

வாசப்படி இல்லாத வூட்ல எப்பிடி வெளக்கேத்துறதுன்னு எனக்கும் மனசு அடிச்சிக்குது. அந்தாண்ட பாத்தா அந்த மனுசன் வீல்சேரோட ஒக்காந்திருக்காரு. அவருதான் கையத் தூக்கி வச்சிடும்மான்னாரு. எனக்காவ இத்தன வூடும் மூளியா இருக்கணுமான்னாரு. பொம்பளைங்க எல்லாம் அவரு கால்ல வுழாத கொற. வச்சிட்டாங்க. நாலு வெரக்கட ஒசரம், இரும்பு.

தரையோட இருக்கிற கீழ் வூட்டுக்குக் குடி வந்தோம், பால் காச்சுனோம். தனிக் கக்கூசு, கொழாயத் தொறந்தாத் தண்ணி. எனக்கு மூணு நாளு தூக்கமே இல்ல, சந்தோசத்துல. கக்கூசு வெளக்கப் போட்டு போட்டுப் பாக்கறேன்னு மருமவ சிரிச்சா. அவரு மட்டும் உருட்டிக்கிட்டு வாசப்படி வரைக்கும் வருவாரு. சக்கரம் இடிக்கும். நிப்பாரு.

மவன் பலகை போட்டுப் பாத்தான். உள்ள போட்டா அடுப்பு மேடை இடிக்குது, வெளிய போட்டா நடையில போறவங்க தடுக்குறாங்க. குட்டப் பலகை ரெண்டு வெட்டிப் போட்டான். செங்குத்தா நிக்குது. அதுல ஏறப் போயி பின்னாலயே சாஞ்சிட்டாரு. மருமவ ஓடியாந்து தாங்கிப் புடிச்சா. புடிச்சவ அப்பிடியே சொவுத்துல சாஞ்சு ஒக்காந்துட்டா. தல சுத்துதுங்கிறா.

அப்புறந்தான் தெரிஞ்சுது. கல்யாணமாயி எத்தினியோ வருசம் கழிச்சு முழுகாம இருக்கா. நான் லைனுக்கெல்லாம் சக்கர குடுத்தேன். கன்னடத்துக்காரம்மா என்னயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுவுறா.

அந்த வாரமே மதுரப் பொண்ணு, இரும்பு வெட்டுற மிசினோட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கம்பெனியில பேசிட்டேன் அப்பத்தா, உங்க வூட்டுக்கு மட்டும் வெட்டிடலாம், ஒரு நிமிசம்னுச்சு. முழுகாம இருக்கிறவ இருக்கிற வூட்ல ஆணி கூட அடிக்க மாட்டாங்க, இதுல வாசப்படிய எங்க வெட்டுறது. விசயத்தச் சொன்னதும் அது மூஞ்சி மலந்து, ஒடனே சுருங்கிப் போச்சு. இது வெறும் இரும்புப் பட்டைதான், வூட்ட இடிக்கிறதில்லன்னு மெதுவாச் சொல்லிப் பாத்துச்சு.

மருமவதான் முன்ன வந்தா. "வெட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது. மாமா எத்தினி நாளு இப்பிடியே நிப்பாரு."

அவரு சக்கரத்தக் கொஞ்சம் முன்ன தள்ளி வாசப்படிய மறிச்சாப்புல போட்டாரு. "மிசினக் கட்டும்மா. கொழந்த மொதல்ல இதத் தாண்டி உள்ள வரட்டும். அப்புறம் நான் வெளிய போறேன்."

மிசின்காரரு ஒயரச் சுத்திக்கிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் வாசப்படியத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. அப்பத்தா, அடுத்த எடத்துக்கு வேற மாதிரி அச்சு போடுறேன்னுச்சு. போடு கண்ணுன்னேன்.

இப்ப வெள்ளிக்கெழமயானா நான் மஞ்சப் பூச ஒக்காருவேன். அவரு எனக்கு எடம் வுட்டுச் சக்கரத்தப் பின்னாடி எடுப்பாரு. பூசி முடிச்சு நான் எந்திரிச்ச ஒடனே திரும்ப முன்ன வந்து இடிச்சிக்கிட்டு நிப்பாரு, காயறதுக்குள்ளயே. சக்கரமெல்லாம் மஞ்சளு. அதோட உள்ள உருட்டிக்கிட்டு வந்தா வூடு பூரா மஞ்சக் கோடு. மருமவ துணிய எடுத்தா, குனியாதங்கிறாரு. நான்தான் தொடைக்கிறேன்.