சுவரில் இரண்டு சிவப்புக் குறி

கடிகாரம் என்று அந்த ஆளுக்குப் பெயர் வைத்தது அந்த ஆளேதான். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் சூட்டியவர், தனக்கு மட்டும் கௌரவமாக ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டார். பெயர் பொய்யில்லை. பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலை நாலு பத்துக்குப் புறப்பட்டால் முதல் கடை நாலு இருபத்தைந்து, பாலத்தடிக் கடை நாலு நாற்பது, கடைசியாக ஆஸ்பத்திரி கேன்டீன் ஆறு ஐந்து. இருபத்தாறு வருஷமாக அதே பிக்கப் வண்டி, அதே பாதை. வண்டி அவருடைய சொந்த வண்டி. பேக்கரிக்கு மூன்று முதலாளிகள் மாறிவிட்டார்கள், இவர் மாறவில்லை.

உழைப்பாளிதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் வாய் இருக்கிறதே, அந்த வாய்! பேக்கரி வாட்ச்மேனுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அவருக்கு 'சைடு ஸ்டாண்டு' என்று பெயர் வைத்தார். கேட்டைத் திறக்க அந்த மனுஷன் விந்தி விந்தி வரும்போதெல்லாம் "பாத்து, சாஞ்சிரப் போற" என்பார். பாலத்தடிக் கடைக்காரருக்குத் திக்குவாய். அவர் 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' ஆனார். சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரிப்பதும் இவர்தான்.

இதில் ரொம்ப அடிபட்டவன் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் கடை திறந்த அன்றைக்கு முதல் வண்டியாக இவருடைய பிக்கப்தான் போனது. பயத்தில் கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டான், ஃபியூஸ் எல்லாம் வரிசையாகப் போய் டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது. அன்றையிலிருந்து அவன் பெயர் 'ஃபியூஸ்'. அதோடு விட்டாரா? அவன் கல்யாணத்தன்று டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு மேடையேறி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி ஒரு பெட்டி ஃபியூஸ் பரிசாகக் கொடுத்தார். பெண்ணின் அப்பா தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு ஏதாவது குறையா?" என்று கேட்டாராம். ஃபியூஸ் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கினான். மறந்துவிட்டான் என்று கடிகாரம் நினைத்தார். மறப்பானா?

கடிகாரத்தின் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவன் இறங்கக் கூடாது, இறக்குகிறவன்தான் இறங்க வேண்டும். இறக்குகிறவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. வயது முப்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. ஒன்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கடைக்குக் கடை குதித்து, தட்டைச் சுமந்தான். லைசென்ஸ் வைத்திருக்கிறான், நன்றாகவே ஓட்டுவான். இருந்தும் ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு அவன் தட்டு இறக்கும்போது இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாலு தட்டு. எண்ணிப் போடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

கண் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் போயின. அப்புறம் நடுவிலும் மங்கல். யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார். டாக்டர் பூசி மெழுகவில்லை. "நரம்பு காஞ்சிருச்சு. போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து தர்றேன். வண்டியை மட்டும் இன்னையோட விட்டுருங்க." கடிகாரம் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.

ஏன் விடவில்லை? வேறு எதுவும் அவருக்கு இல்லை, அதனால்தான். ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் தான் யார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடையாது. அந்த சீட்டில் மச்சான் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்கு யார் போவது?

பாதை மனப்பாடம். எந்தத் திருப்பத்தில் எத்தனை எண்ண வேண்டும், எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு ஒடிக்க வேண்டும் எல்லாம் கைக்குத் தெரியும். அதை வைத்து ஒப்பேற்றினார். மனைவி சட்டையைத் துவைக்கும்போது அந்த மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "கண்ணுக்கு ஒண்ணுமில்லை, லைட்டுதான் மங்கல்" என்றார். கேட்டபோதெல்லாம் அதே பதில். போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் பேக்கரி கேட்டிலேயே கொண்டுபோய் மோதினார். குட்டைக்காலோடு வாட்ச்மேன் எப்படித் தாவித் தப்பித்தாரோ. அப்போதும் வாய் கூசாமல், "லைட் சரியில்ல முதலாளி" என்றார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப லைட்டை மாத்து. இல்லேன்னா நான் வண்டியை மாத்திக்கறேன்."

அப்படித்தான் வண்டி ஃபியூஸ் கடைக்குப் போனது. மச்சான்தான் முந்தின நாளே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

வேலையில் ஃபியூஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய வண்டிகளில் கரண்ட் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து சுற்றி லைட்டுக்கு வருவதற்குள் பாதி செத்துவிடும். அவன் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தான், நடுவில் ரிலே என்ற குட்டி சுவிட்சு வைத்தான். துருப்பிடித்த லைட்டுக் கிண்ணங்களைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடிபோல் மின்னும் புதுக் கிண்ணம், புது பல்பு. மத்தியானம் இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. லைட் சரியான உயரத்தில் விழுகிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி.

அதற்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷட்டரை இறக்கி இருட்டாக்குவார்கள். பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளி வண்டியை நிறுத்துவார்கள். சுவரில் லைட் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் இரண்டு பெருக்கல் குறி. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து வெளிச்சம் குறியில் விழுகிறதா என்று சொல்ல, ஃபியூஸ் முன்னால் குந்தி உட்கார்ந்து திருகாணியைத் திருப்புவான்.

"ஏறி உக்காருங்கண்ணே. ஓட்டுறவர் எடை சீட்டுல இருக்கணும், ஓட்டுறவர் கண்ணுதான் சொல்லணும்."

"எனக்கே பாடம் எடுக்கறியாடா ஃபியூஸ்," என்று ஏறினார் கடிகாரம்.

பக்கத்துக் கடை வெல்டர், டயர்காரர், இரண்டு லாரி டிரைவர்கள் என்று ஐந்தாறு பேர் உள்ளேயே நின்றிருந்தார்கள். புது லைட்டை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. எங்கேயோ சுண்ணாம்பு வாடை அடித்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டார். முகத்துக்கு நேரே ஈரத் துணியை விரித்துப் பிடித்ததுபோல எல்லாம் வெள்ளையானது. குறியும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

"எப்படிண்ணே?"

"பட்டப்பகல் மாதிரி இருக்குடா."

"குறியில விழுதா?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. இரண்டு சிவப்புக் குறி. இடது பக்கத்துக் குறியில் பெயிண்ட் கொஞ்சம் கீழே வழிந்திருக்கும். "வலது பக்கம் அச்சுல வார்த்த மாதிரி விழுது," என்றார். "இடதுதான் ஒரு விரக்கடை கீழ இருக்கு. தூக்கு."

வெல்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குக் காலையில்தான் ஃபியூஸ் அந்தச் சுவர் முழுக்க இரண்டு கை சுண்ணாம்பு அடித்திருந்தான். குறியும் இல்லை, வழிந்த பெயிண்டும் இல்லை. கடையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும், சீட்டில் இருந்தவருக்கு மட்டும் தெரியாது.

ஃபியூஸ் திருப்புளியை வெறும் காற்றில் திருப்பினான். "இப்பண்ணே?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ஆங். அந்தப் பெயிண்ட் வழிஞ்சிருக்கு பாரு, சரியா அதுக்கு மேல. அங்கயே நிறுத்து. இருபத்தாறு வருஷம் லைட்டு பாத்தவன்டா நான், எங்கிட்ட நூலளவு தப்பாது."

டயர்காரரால் அடக்க முடியவில்லை, வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். மச்சான் ஃபியூஸின் தோளைத் தொட்டு, "போதும்ணே, விட்டுருங்க," என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஃபியூஸ் பதினைந்து வருஷம் காத்திருந்தவன். அவனாவது விடுவதாவது.

"அண்ணே, கொஞ்சம் இறங்குங்க. இந்தாங்க சாக்பீஸ். குறி கொஞ்சம் மங்கிப்போச்சு, உங்க கையாலயே மேல ஒரு கோடு இழுத்துக் குடுங்க. உங்க கண்ணு மாதிரி யாருக்கு வரும்?"

கடிகாரம் இறங்கினார். கிட்டே போனால் தெரிந்துவிடும் என்று நம்பித்தான் நடந்தார். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் போனார். வெள்ளை. ஒரு எட்டு இடது பக்கம் நகர்ந்தார். அங்கேயும் வெள்ளை. வலது பக்கம் வந்தார். கடைசியில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவினார். சில்லென்று ஈரம் ஒட்டியது. கையை முகர்ந்து பார்த்தார், சுண்ணாம்பு. வந்ததிலிருந்து அடித்த வாடை எங்கிருந்து என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

திரும்பினார். இரண்டு லைட்டும் முகத்தில் அடித்தன. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, சிரிப்பு மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. "பெருக்கல் குறி கிடைச்சுதாண்ணே?" என்றது வெல்டரின் குரல். அப்புறம் ஃபியூஸின் குரல், நிதானமாக: "இப்ப சொல்லுங்கண்ணே. ஃபியூஸ் போனது யாருக்கு?"

யாரையாவது ஒரு பட்டப்பெயர் சொல்லித் திட்ட வேண்டும்போல் இருந்தது, ஒன்றும் வாயில் வரவில்லை. பானெட்டைத் தடவிக்கொண்டே ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்கு வந்தார். கதவைத் திறந்து கையை வைத்தார், ஒரு முழங்கால் தட்டுப்பட்டது.

"அந்தப் பக்கமா ஏறுங்க மாமா," என்றான் மச்சான்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். லைட் எப்படி என்று அவள் புருஷனைக் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றாள்.

"நீதானா?" என்றார் கடிகாரம்.

"நான்தான். உங்களுக்குக் கண்ணு தெரியுதான்னு கமுக்கமா ஒரு தடவை பாத்துச் சொல்லச் சொன்னேன். கூட்டம் சேர்த்துச் சிரிக்கச் சொல்லல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஒன்றரை வருஷமா வேற என்ன சொன்னேன்? லைட்டு, லைட்டுன்னீங்க. அன்னைக்கு அந்த வாட்ச்மேன் செத்திருந்தா லைட்டா ஜெயிலுக்குப் போகும்?" பிறகு அவர் கையைப் பார்த்தாள். "கழுவுங்க. சுண்ணாம்பு கண்ணுல பட்டுரப் போகுது."

"பட்டா மட்டும் இனிமே என்ன ஆகப் போகுது," என்றார் அவர்.

மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. அவரை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பேக்கரிக்குள் புதுப் பட்டப்பெயர் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "பெருக்கல் வந்துட்டாரு, பெருக்கல் வந்துட்டாரு" என்று அடுப்படியில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். வண்டி அவரைத் தாண்டும்போது கடிகாரம் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலைத் தட்டி, "பாத்து, சாஞ்சிரப் போறீங்க," என்றார். பெரிதாகச் சிரிக்கக்கூட இல்லை அவர்.

கடிகாரத்தால் சும்மா இருக்க முடியவில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். "தண்ணித் தொட்டி தாண்டினதும் இடது பக்கம் பள்ளம். ஒடிச்சுப் போ."

"தெரியுது மாமா."

"அடுத்தது வேகத்தடை. கோடு அழிஞ்சிருக்கும், கண்ணுக்கு ஆப்புடாது."

"தெரியுது மாமா. எறும்பு போனாக்கூடத் தெரியுது, லைட்டு அப்படி இருக்கு. நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க."

முதல் கடையில் வண்டி நின்றது. வழக்கம்போல ஒரு கதவு திறக்கும், மச்சான் குதிப்பான் என்று அவர் காது காத்திருந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாலு தட்டு மாமா. எண்ணிப் போடுங்க."

கடிகாரம் கதவைத் திறந்து, காலால் தரையைத் தேடி இறங்கினார்.