படங்கு பார்வதியோட மூணாவது இதழ்

காமிக்ஸ் தொழில்ல யாரும் நெரந்தரமா சாகுறதில்லைங்க, எழுதுறவன்தான் கொஞ்சம் கொஞ்சமா சாவான். பாடப் பொஸ்தகத்துக்குள்ள படக்கதைய ஒளிச்சு வச்சுப் படிச்சு, மாட்டி, காது பிஞ்சுபோன ஒடம்பொறப்புங்களே, இது உங்களுக்குத்தான். நீங்க அடி வாங்குனதோட திருந்திட்டீங்க. நான் பள்ளிக்கூடத்து ஏ.எல். படிப்ப பாதியில விட்டுட்டு அதையே தொழிலாக்கிக்கிட்டேன். கதை எழுதுறது ஒரு பாதி. பழைய படக்கதை, சினிமா நோட்டீஸ், கேசட்டு அட்டை எல்லாத்தையும் தேடிப் புடிச்சு, நம்ம சனங்க எதப் பாத்து சிரிச்சாங்க, எதப் பாத்து அழுதாங்கன்னு எழுதி வைக்கிறது மறுபாதி. ரெண்டு பாதியும் சேந்தும் இன்னும் ஒரு முழு வேலை ஆகலைன்னு எங்கம்மா சொல்லும்.

என்ன செய்றீங்க தம்பி?

ஹட்டன்லருந்து நோட்டன் பிரிட்ஜ் போற பஸ். மடியில ஒரு கட்டு பழைய பேப்பர். பக்கத்துல இருந்த பெரியவர் ரொம்ப நேரம் என்னையும் கட்டையும் மாறி மாறிப் பாத்துட்டு, என்ன தொழில்னு கேட்டாரு. காமிக்ஸ் எழுத்தாளர்னேன். படம் நீங்களே போடுவீங்களான்னாரு. இல்லைங்க, அது வேற ஆளு, நான் என்ன போடணும்னு சொல்லுவேன்னேன். அந்தப் பழைய பேப்பர விப்பீங்களான்னாரு. விக்க மாட்டேன், சேத்து வைப்பேன்னேன்.

எறங்குறப்பதான் தோள்ல தட்டிக் குடுத்துட்டு சொன்னாரு: "பயப்படாதீங்க தம்பி. எங்க தங்கச்சி மகனும் இப்பிடித்தான் இருந்தான். கண்டியில ஒரு டொக்டர்கிட்ட காட்டுனோம், இப்ப நல்லாருக்கான்."

செவுத்துல ஒரு கதை

பூண்டுலோயா பக்கம் ஒரு லயத்துல, அதான் காம்பரா காம்பராவா ஒட்டிக் கட்டுன தோட்டத்து வீட்டு வரிசையில, பழைய படக்கதை இருக்குன்னு துப்பு கெடச்சு ஓடுனேன். இருந்துச்சு. பெட்டியில இல்ல, செவுத்துல. குளிர்காத்து வராம இருக்க, கோதுமை மா பசை காச்சி பக்கம் பக்கமா ஒட்டி வச்சிருந்தாங்க. நான் சின்ன வயசுலருந்து தேடுன கதை. அடுப்புக்கு மேல கதாநாயகன் கெணத்துல விழுறான், கதவுக்குப் பின்னால வில்லன் சிரிக்கிறான். அடுத்த பக்கத்தக் காணோம். கேட்டா, "மீதி பேப்பர பக்கத்து காம்பராக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க"ன்னாங்க. அங்க போனேன். கதாநாயகன் அவங்க துணிக்கொடிக்குப் பின்னால கெணத்துலருந்து ஏறிக்கிட்டு இருந்தான். இப்பிடியே அந்த லயம் பூராவும் ஒவ்வொரு காம்பராவா நொழைஞ்சு கதைய படிச்சேன். எல்லா வீட்டுலயும் தேத்தண்ணி. கடைசி காம்பராவுல ஆளு இல்ல, கூரையும் இல்ல. முடிவு மழையில கரைஞ்சு போச்சு.

மொத வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரே ஒரு பக்கத்த மட்டும் பிய்ச்சுக்கிட்டா, வரலாறுக்கு ஒதவுமேன்னு அந்தம்மாகிட்ட கெஞ்சுனேன். அடுப்ப ஊதிக்கிட்டே அந்தம்மா சொன்னாங்க: "தாராளமா பிய்ச்சுக்கங்க. ராவைக்கு அந்த ஓட்டையில வந்து நீங்களே நின்னுக்கங்க."

பறந்தா அரைப் பேரு

ஹட்டன்ல கடை போர்டு எழுதுற ரிஸ்வான்தான் எனக்குப் படம் போடுறவன். ரெண்டு பேரும் சேந்து சொந்தமா ஒரு இதழ் போட்டோம். 'படங்கு பார்வதி'. தேயிலக் கொழுந்து எடுக்குறவங்க ஈரம் படாம இருக்க இடுப்புல ஒரு தார்ப்பாய் துண்ட சுத்திக் கட்டுவாங்கல்ல, அதான் படங்கு. வெளிநாட்டு வீரனுங்க முதுகுல துணி பறக்க விடுறாங்க, எங்க பார்வதிக்கு இடுப்புல படங்கு பறக்கும். முகம் எங்க லயத்து செல்வியக்காவோட முகம். என்னைவிட பத்து வயசு மூப்பு, என்னைவிட வாய் பத்து மடங்கு நீளம். கேக்காமலே அந்த முகத்தப் போட்டுட்டோம்.

மொத இதழ கொண்டுபோய்க் குடுத்தேன். வேலை விட்டு வந்து, கால்ல அட்டைக்கடிக்கு சுண்ணாம்பு தடவிக்கிட்டே பூராவும் படிச்சுச்சு. முகம் தன்னுதுன்னு கண்டுபுடிச்சிருச்சு. கடைசிப் பக்கத்துல வில்லன தூக்கிக்கிட்டு பார்வதி மலைக்கு மேல பறக்குற எடத்துல நிறுத்தி, வெரல வச்சுக் கேட்டுச்சு: "ஏன்டா, இவ பறந்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள கொழுந்து நிறுத்து முடிஞ்சிருமே, அரைப் பேரு, பாதிச் சம்பளம்தானே போடுவாங்க, அதுக்கு ஒங்கப்பனா பதில் சொல்லுவான்?"

கூடு

அடுத்த கதை என்னன்னு செல்வியக்காதான் சொல்லிக் குடுத்துச்சு. அவங்க கொழுந்து எடுக்குற மலையில ஒரு பெரிய கருப்பந்தேயில மரம், யூகலிப்டஸுன்னு சொல்லுவாங்களே அது, அதுல பானை மாதிரி குளவிக் கூடு. கங்காணிகிட்ட சொன்னாங்க, சங்கத்துத் தலைவர்கிட்ட சொன்னாங்க, கண்டாக்கு ஐயாகிட்டயும் சொன்னாங்க. கண்டாக்கு ஐயான்னா தோட்டத்துல வேலைய மேற்பாக்குறவரு. பாக்குறோம் பாக்குறோம்னு எல்லாரும் பாத்தாங்க, கீழ நின்னு அண்ணாந்து பாத்தாங்க.

அக்காகூட ஒரே நெரையில கொழுந்து எடுக்குற லெட்சுமியக்கா, இதெல்லாம் பொஸ்தகத்துல போட்டா நடக்குற காரியமான்னு சிரிச்சுச்சு. செல்வியக்கா சிரிக்கல. "நாங்க வாயால சொன்னா பொம்பளைங்க கத்துறாளுங்கம்பாங்க. படம் போட்டு ஒட்டுடா. படம் கத்தாதுல்ல, நின்னு பாப்பாங்க."

தொரைக்குப் புடிச்ச படம்

போட்டோம். ரெண்டாவது இதழ் அதுதான். ரிஸ்வான் ஒரு வாரம் குளவியா போட்டு கண்ணு வீங்கிட்டான். "மச்சான், அடுத்த கதையில வில்லன் ஒத்த ஆளா இருக்கட்டும்டா"ன்னு அழுதான். கதையில பார்வதி பொகை போட்டு கூட்ட அழிச்சு, எல்லாரையும் காப்பாத்திடுவா. அந்தப் பக்கத்த பெருசாக்கி, காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல ஒட்டினோம். மரம் அதே மரம், மலை அதே மலை. சனம் கூடி நின்னு பாத்துச்சு. தோட்டத்து மேனேஜர் தொரையும் ஜீப்ப நிறுத்தி எறங்கிப் பாத்தாரு.

அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஷோக்கா இருக்குன்னாரு. பெக்டரி பாக்க வெள்ளக்காரங்க வர்றாங்க, அந்தச் செவுத்துல இதே மாதிரி ஒரு பொம்பளைய, குளவி இல்லாம, சிரிச்சாப்புல போட்டுத் தர முடியுமான்னு கேட்டாரு. சேர், அந்தக் கூடு நெசமாவே இருக்குன்னேன். கண்டாக்குவ பாருங்கன்னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. கண்டாக்கு ஐயா படத்த இன்னொருக்கா நல்லா பாத்துட்டு, சுத்தி நின்னவங்களும் சிரிக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னாரு: "அதான் ஒங்க பார்வதியே கூட்ட அழிச்சிட்டாளே தம்பி, அப்பறம் நாங்க எதுக்கு?"

நானும் சிரிச்சேங்க. நல்ல வசனம் யாரு சொன்னாலும் சிரிச்சுப் பழகிப்போன வாய்.

ஆஸ்பத்திரி

ரிஸ்வான் கடையில இருந்தப்ப அம்மா போன் பண்ணுச்சு. காத்து பலமா அடிச்சிருக்கு, கெளை முறிஞ்சிருக்கு, கூடு கலைஞ்சிருச்சு. கொட்டு வாங்குனவங்கள கொழுந்து லொறியிலதான் ஏத்திக்கிட்டு வந்தாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வார்டுக்கு வெளியில பொம்பளைங்க எல்லாம் முகம் வீங்கி, ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியாம உக்காந்திருந்தாங்க. தலைமுடிக்குள்ள செத்த குளவிங்க. அதுல செல்வியக்கா யாருன்னு ஒவ்வொரு முகமா தேடுனேன். அந்த முகத்த எழுதிக் குடுத்தவன் நான், எனக்கே தெரியல.

அந்த வரிசையில அது இல்லைன்னு கடைசியாத்தான் புரிஞ்சுச்சு. லெட்சுமியக்கா என் கைய புடிச்சுக்கிட்டு, வீங்கின ஒதட்டால ஒவ்வொரு வார்த்தையா சொன்னுச்சு: "எல்லாரும் ஓடுனோம் தம்பி. அவளும் ஓடுனா. செடியில படங்கு மாட்டிக்கிச்சு."

வேலை முடிஞ்சுது

செல்வியக்காவுக்கு மண்ணு போட்ட மறுநாள் ரெண்டு பேரு வந்தாங்க. சாக்கு, மண்ணெண்ணெய், ஒரு நீளக் கம்பு. சனம் தூரத்துல நின்னு பாத்துச்சு. பொகை போட்டு, கூட்ட எறக்கி, எரிச்சு, காலைத் தேத்தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுட்டாங்க. நாங்க குளவி போட எடுத்துக்கிட்ட நேரத்துல அவங்க எத்தனையோ தோட்டத்த முடிச்சிருப்பாங்க.

கம்ப தோள்ல வச்சுக்கிட்டு எறங்கி வந்த ஆளு, நாங்க மொறைக்கிறதப் பாத்து என்ன நெனைச்சாரோ, எங்கம்மாகிட்ட வந்து மெதுவா சொன்னாரு: "எங்கள நேத்து சாயங்காலந்தான்மா கூப்புட்டாங்க."

எழுப்புறதா, வேணாமா

நான் எழுதுறத விட்டுட்டேன். ரிஸ்வான்தான் விடல. கடைய மூடிட்டு லயத்துக்கே வந்துட்டான். "மச்சான், நம்ம தொழில்ல எத்தன பேர எழுப்பியிருக்காங்க. வெடிச்சுச் செதறுனவன், கடல்ல விழுந்தவன், எல்லாம் அடுத்த இதழ்ல காப்பி குடிக்கிறான். பார்வதிய நாம எழுப்புவோம்டா. நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" நானும் நம்பிட்டேன். மூணாவது இதழ ஒரே மூச்சுல எழுதுனேன். மலை அதிருது, மண்ணு வெடிக்குது, பார்வதி கைய ஊனி எழும்பி வர்றா. படங்குல இருக்குற மண்ண தட்டி விடுறா. இதுவரைக்கும் நான் எழுதுனதுலயே நல்ல பக்கம் அதுதான். ரிஸ்வான் அத பென்சில்ல போட்டு முடிச்சான்.

அச்சுக்குக் குடுக்க முன்னாடி செல்வியக்காவோட வேலை செஞ்சவங்ககிட்ட காட்டணும்னு தோணுச்சு. தேத்தண்ணி நேரம், ரோட்டோரமா உக்காந்து ரொட்டி சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் வாசிச்சேன். யாரும் சிரிக்கல, அழவும் இல்ல. லெட்சுமியக்காவுக்கு வீக்கம் எறங்கிருச்சு, ஒரு கண்ணு மட்டும் இன்னும் பாதி மூடித்தான் இருந்துச்சு. அந்தப் பென்சில் படத்த வாங்கி மடியில வச்சு, பார்வதியோட முகத்த மட்டும் பொறங்கையால தடவிப் பாத்துச்சு. அடுத்து எந்த மலைன்னு கங்காணி மேலருந்து கத்துறது கேட்டுச்சு. எல்லாரும் கூடைய எடுத்தாங்க. லெட்சுமியக்கா படத்த என் கையில திருப்பிக் குடுத்துட்டு சொன்னுச்சு: "எழுப்பாத தம்பி. எழும்புனா விடியக்காலையில பெரட்டுக்குக் கூப்புட்டுருவாங்க. இப்பத்தான் கொஞ்சம் படுத்திருக்கா."

ஆக, காமிக்ஸ் எழுத்தாளனா நான் போட்டது மொத்தமே ரெண்டு இதழ்தாங்க, வரலாறு எழுதுறவனா அதப்பத்தி நான் குறிச்சு வைக்க வேண்டியது, ரெண்டாவது இதழ்ல ஜெயிச்சது யாருங்கிறது தப்பா அச்சாயிருக்குங்கிறது மட்டும்தான்.