அத்தை சொன்ன சினிமா

என் அத்தை, அப்பாவின் தங்கை, பார்த்திருந்தது ஒரே ஒரு சினிமா. கல்யாணமான புதிதில் மாமா அவளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போய்க் காட்டிய மாயாஜாலப் படம் அது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே எங்கள் மலையூரான கூக்காலில் இரண்டு பூண்டு வெள்ளாமையை ஓட்டிவிட்டாள்.

பூண்டைப் பிடுங்கிக் காயவைத்த பின், தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாக முடிந்து பரணில் தொங்கவிட வேண்டும். அடுப்புப் புகை பட்டால்தான் கெடாது. கட்டு முடிவது பெண்கள் வேலை. களத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார, நடுவில் அத்தை கதை சொல்வாள். ஒரே நாளில் முடிக்கமாட்டாள்; பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்கள் அவளிடம் பாடம் கேட்கலாம். மந்திரவாதி ஓர் இளவரசியைக் கொக்காக்கி ஏரியில் விட்டுவிடுகிறான். இளவரசன் வந்து சாபத்தை நீக்கி, அரண்மனைக்கு வா என்று கையை நீட்டுகிறான். அவளோ, "எனக்கு றெக்கையே போதும்" என்று மறுபடி கொக்காகிப் பறந்துவிடுகிறாள். அந்த இடத்தில் எல்லார் கையும் நின்றுவிடும். அதைக் கேட்டதிலிருந்து நான் எங்கள் ஏரியில் கொக்கு இறங்கினால் கல்லெறிய மாட்டேன்.

அத்தை பக்கத்து மலையூரான போளூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். முழங்கைக்கு மேலே சூட்டுத் தழும்பு இருந்தது. மாமா கொள்ளிக்கட்டையால் வைத்தது என்றாள் அவள். சமைக்கும்போது தானே சுட்டுக்கொண்டாள் என்றார்கள் மாமா வீட்டார். அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிப் பேச நாள் குறித்திருந்தார்கள். களத்துப் பெண்கள் மொத்தமும் அத்தை பக்கம் இருந்ததால் அப்பா தைரியமாகத்தான் இருந்தார்.

அந்தச் சமயத்தில் தம்பிக்கு முடியிறக்கப் பழனிக்குப் போனோம். அங்கே டென்ட் கொட்டகையில் அதே படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அழுது அடம்பிடித்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். கொக்கு பெண்ணானது. இளவரசன் கையை நீட்டினான். இதோ பறக்கப் போகிறாள் என்று நான் மணலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அவள் சமர்த்தாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டாள். படம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மலையேறி வருகிற வழியெல்லாம் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் களத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"அத்தை சொன்னது பொய்யி. அவ பறக்கவே இல்ல. நான் என் கண்ணால பாத்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு அப்படித்தேன் தெரிஞ்சுச்சு தாயி" என்றாள்.

பெரியம்மா மட்டும் சிரிக்காமல், கையிலிருந்த பூண்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "ஊரு உலகமே பாக்குற படத்தையே மாத்திச் சொல்றவ, யாரும் பாக்காத வீட்டுச் சங்கதிய மட்டும் உள்ளபடி சொல்லியிருப்பாளாக்கும்?"

அதற்குப் பிறகு களத்தில் யாரும் கதை கேட்கவில்லை. பெரியவர்கள் கூடியபோது அந்தக் கேள்வி அத்தைக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அவள் தழும்பைக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். பொம்பளைக்குக் கோபதாபம் இருக்கத்தான் செய்யும், அனுப்பி வைப்பதே முறை என்று எழுந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் வெள்ளனே, அப்பா மட்டக்குதிரையில் அவள் துணிமூட்டையையும் இரண்டு கட்டுப் பூண்டையும் ஏற்றினார். உண்மையைச் சொன்ன பிள்ளை என்று பெரியம்மா மெச்சியிருந்ததால் நான் நிமிர்ந்துதான் நடந்தேன். ஏரிக்கரை வரை கூடப் போனேன். அப்பா குதிரையோடு முன்னே போய்விட்டார். அத்தை நின்று என் தலையைத் தடவினாள்.

"ஏன் தாயி, அரமனைக்குப் போனாளே அந்தப் பொண்ணு, கடைசில அவ மொகம் எப்படி இருந்துச்சு?"

நான் நன்றாக யோசித்தேன். இந்தத் தடவையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கவனமாக இருந்தேன்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா அத்தை. பாட்டுக்கூடப் பாடினா."

"அப்படியா" என்றாள். பிறகு அப்பாவுக்குப் பின்னால் வெரசாக நடந்து போனாள். பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நான் வீட்டுக்கு ஓடினேன்.