பத்தே ஊசியில் குணமாயிடுவா

என் மகளுக்கு ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். இன்னொருத்தி கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்தாள். பால்காரம்மா மட்டும், "பேசாட்டி இன்னாம்மா? பேசறதுங்கோ இன்னாத்த கிழிச்சிதுங்கோ?" என்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆட்டிசம் என்ற சொல்லைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முதலில் கேட்டேன். மருந்து கிடையாது, பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு தடவையாவது அவள் 'அப்பா' என்று கூப்பிட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். பாக்டரியில் யாரோ சொன்னார்கள் என்று பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் எங்களைக் கூட்டிப்போனார்.

அங்கே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மகள் உள்ளே வரவில்லை. குவிந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, ஒவ்வொன்றையும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்க உட்கார்ந்துவிட்டாள். வீட்டிலும் அவளுக்கு அதுதான் வேலை.

டாக்டர் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெளிநாட்டு ஊசி. மூளையைத் தூண்டிவிடும். பத்தே ஊசி, இந்தக் குணமெல்லாம் போயிடும். பொண்ணு குணமாயிடுவா."

"இதுக்கு முன்னாடி யாருக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"புது மருந்தும்மா. உங்க பொண்ணுக்குத்தான் முதல்ல." லாட்டரி விழுந்த மாதிரி சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"முதல்ல உங்க வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்க சார். எம் பொண்ணு உடம்புல ஒத்திகை வேணாம். இந்தக் குணம் போயிடும்னு சொல்றீங்களே, அது யாரை என்ன பண்ணிச்சு? எதுக்குப் போகணும்?"

வெளியே வந்தோம். அத்தனை செருப்புகளுக்கு நடுவிலிருந்து மகள் எங்கள் இரண்டு ஜோடியை மட்டும் எடுத்து, காலை நுழைக்கத் தோதாகப் படியோரம் வைத்திருந்தாள். அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒருவேளை அந்த ஊசியில் பேச்சு வந்திருந்தால்? அந்தக் கேள்வி என்னைப் பல வருஷம் விடவில்லை. ஆனாலும் நான் திரும்பப் போகவில்லை.

அப்பா என்று அவள் கூப்பிடவே இல்லை. ஆனால் அவர் ரிட்டயர் ஆகும் நாள்வரை, பாக்டரி சங்கு ஊதுவதற்கு முன்பே அவருடைய ஷூ வாசலைப் பார்த்து இருக்கும்.

மகள் குணமாயிட்டாளா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். நல்ல குணம் என்று சொல்லி அனுப்புகிறேன்.