தராசுப் பலகையில் என் கட்டைவிரல்

என் நண்பனுக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க வேலையை நான் என் கால் கட்டைவிரலால் கெடுத்தேன். வெள்ளைக்காரர் மலாக்காவை ஆண்ட காலம் அது. எனக்கு இருபத்தேழு வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

காஜா பெராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த மலாக்காச் செட்டி குடும்பத்தைச் சேர்ந்தவன் அவன்; பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே கலந்துவிட்டவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்தான். என்னோடு பழகியதில் கொஞ்சம் தமிழும் வந்திருந்தது. என்னை அண்ணன் என்ற பொருளில் அபாங் என்று கூப்பிடுவான். ஆள் பெருத்தவன். சுங்கப் படகில் காவலர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். டாக்டர் அவனை நிறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் இருநூறு பவுண்டுக்குள் வரவேண்டும், அப்போதும் மிஞ்சினால் பெயரை அடித்துவிடுவேன் என்று அனுப்பிவிட்டார்.

நான் ஒரு ரப்பர் கிடங்கில் எடை பார்த்து எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. இருநூறு பவுண்டு எங்கள் கணக்கில் நூற்றைம்பது காத்தி. சனிக்கிழமைதோறும் தன்னை நிறுத்து, கிடங்குச் சுவரில் கரியால் எழுதச் சொன்னான்.

"எல்லாரும் பாக்கட்டும் அபாங். வெட்கம் வந்தாத்தான் என் வாய் அடங்கும்."

முதல் சனிக்கிழமை நூற்று எழுபது. மூட்டை தூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். "காஜா பெராங் காஜா ஏறுது, பலகையப் பிடிச்சுக்குங்க" என்றார் ஒருவர். மலாயில் காஜா என்றால் யானை. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

தேங்காய்ப்பால் சோற்றை விட்டான். விடியற்காலையில் செமாபோக் வரை நடந்து திரும்பினான். ஐந்தாம் சனிக்கிழமை நூற்று அறுபத்தொன்று. யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் சீருடையோடு படகில் நிற்பான், நான் ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

கப்பலுக்கு ரப்பர் விற்கும்போது எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. கிராணி பலகையை ஒட்டி நின்று, ஓரத்தில் கட்டைவிரலை ஊன்றுவான். கைகள் இரண்டும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். நாலைந்து காத்தி கூடிவிடும். ஆறாம் சனிக்கிழமை அதை என் நண்பனுக்குச் செய்தேன். தராசை அவனே படித்தான்: நூற்று அறுபத்து மூன்று.

"என்னத்த முழுங்கினே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

ஒன்றும் இல்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்தான்.

"அப்ப தராசுதான் பொய் சொல்லுதா?"

மறுவாரம் மத்தியானச் சோறும் நின்றது. பிறகு கஞ்சித் தண்ணீர் மட்டும். பத்தாம் சனிக்கிழமை பலகையிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தான். சுவரில் எண்ணை எழுதிவிட்டுத்தான் அவனைத் தூக்கப் போனேன்.

கடைசிச் சனிக்கிழமை தராசு நூற்று ஐம்பத்து மூன்று காட்டியது. அவன் பலகையில் நின்றபடியே திரும்பிச் சட்டைக்குக் கை நீட்டியபோது விரலை எடுத்துப் பார்த்தேன்: நூற்று நாற்பத்தெட்டு. சுவரில் நூற்று ஐம்பத்து மூன்று என்றே எழுதினேன். பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயந்து திங்கட்கிழமை அவன் டாக்டரிடம் போகவில்லை. வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிடங்குக்கு அழைத்துப்போய், பலகையில் நிற்கவைத்து, விரலை ஊன்றியும் எடுத்தும் காட்டினேன். அவன் தராசைப் பார்க்கவில்லை; என் காலையே பார்த்தான்.

"அன்னைக்கு நான் எவ்வளவு, அபாங்?"

சொன்னேன். அந்த எண்ணை மலாயில் ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டான்.

நான் செய்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிச் சனிக்கிழமை தன் எடை நூற்று நாற்பத்தெட்டுதான் என்று மட்டும் காப்பிக்கடையில் சொன்னான். சுவரைப் பார்த்திருந்தவர்கள் நம்பவில்லை. "அபாங், நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டான். எழுந்து நின்று, கட்டைவிரல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூட்டாளிக்காகப் பழிய நீங்க தூக்கிக்கிறீங்களா கிராணி? நல்ல மனசு" என்று சிரித்தார்கள்.

மூன்று முறை அப்படி நடந்தது. அதன்பின் அவன் என்னைக் கூப்பிடவில்லை. நான் உள்ளே வந்தால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான்.