தகரக் கொட்டாயில் அம்மா பாடிய பாட்டு

தகரத்தில் மழை விழும் ஓசை பலருக்குத் தாலாட்டாக இருக்கலாம். எனக்கு அதைக் கேட்டால் இன்றும் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் ‘கொட்டாய்’ என்று அழைத்த நாடக அரங்கத்துக்குத் தகரக் கூரைதான். நெல் கிடங்காக இருந்து, பிறகு மேடை கண்டு, ஊருக்கே பெருமையாக நின்ற கட்டடம் அது. அதில் என் அம்மா ‘ராஜபார்ட்’. மீசை ஒட்டி, கிரீடம் வைத்து, அரசனாக நின்று பாடுவாள்.

கொடுமையைக் கேளுங்கள்: ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, தெருவில் பாவு நூலை நீட்ட வழியில்லாமல் நெசவாளர்கள் சும்மா இருக்கும் நாட்களில்தான் மதிய ஆட்டத்துக்குக் கொட்டாய் நிரம்பும், அதே நாட்களில்தான் கூரை போடும் கூச்சலில் பாட்டுக் கேட்காது. மைக் ஒன்று இருந்தது, ஈரம் பட்டால் அதுவும் படுத்துவிடும். “மழ கொட்டிக்கினு இருக்குது, இன்னும் தூக்கிப் பாடுமா” என்பார் ஆர்மோனியக்காரர். அம்மாவும் தூக்கித் தூக்கிப் பாடினாள். வீட்டில் அவள் குரல் கரகரக்கும்போது, “வேணாம்மா, தொண்ட போயிடும்” என்று அழுவேன்.

“சனம் நனஞ்சிக்கினு வந்து உக்காந்துக்குது. வாய மூடிக்கினு நிக்கச் சொல்றியா?” என்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு மழை நாள் ஆட்டத்தில் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். மகனைப் பறிகொடுத்த அரசன் புலம்பும் பாட்டு. அம்மாவின் வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காதில் மழைதான் விழுகிறது. வழக்கம்தானே என்று எல்லோரும் பேசாமல் இருந்தோம். சட்டென்று மழை விட்டது. அம்மாவின் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது, சத்தம் வரவில்லை.

அந்தப் பாட்டு எனக்கு முழுதும் மனப்பாடம். எழுந்து பாடியிருக்கலாம். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அம்மா என்னைத்தான் பார்த்தாள், நான் பாவி தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு திரையை இழுத்துவிட்டார்கள்.

எத்தனையோ கஷாயம், எத்தனையோ டாக்டர், குரல் திரும்பவில்லை. கொட்டாயும் கல்யாண மண்டபமாகி, பூட்டிக் கிடந்து, இடிபட்டு, இன்று ஒரு பட்டுக்கடையின் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. போன மாதம் அம்மாவை ஸ்கூட்டரில் அங்கே அழைத்துப்போனேன். தூறல் போட்டது. தகரமில்லாத அந்த இடத்தில் மழைக்குச் சத்தமே இல்லை. அம்மா அண்ணாந்து பார்த்தாள், உதடுகள் அசைந்தன. அதே பாட்டுதான், எந்த அடி என்பதுகூட எனக்குத் தெரிந்தது.

“இன்னாமா கேக்கறாங்க? கடைக்கு வழியா?” என்றார் காவலாளி.

“ஒண்ணுமில்லபா” என்றேன். அன்றைக்கும் நான் பாடவில்லை.